வேங்கைச் சரிவில் பத்தொன்பது கயிறு

வண்டைத்தான் முதலில் பழி சொன்னோம். சொன்னவர்களில் முதல் ஆள் நான். இந்த வயதிலாவது அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ராசபாளையத்துக்கு ரயில் வந்துவிட்டது. சேத்தூர் வழியாக மோட்டார் ஓடுகிறது. நான் சொல்வது இதெல்லாம் வருவதற்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்த சமயம். எனக்கு இருபத்தாறு வயது. ராசபாளையத்தில் எங்கள் அத்தா வைத்துவிட்டுப் போன நாட்டு மருந்துக் கடையில் நான் உட்கார்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சேக் முகைதீன் கடை என்றால் சுக்கு, திப்பிலி, வசம்பு எல்லாம் கிடைக்கும். ஆனால் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேங்கைப் பிசின்தான்.

வேங்கை மரத்தின் பட்டையைக் கீறினால் ரத்தம் போலப் பால் வடியும். கொட்டாங்கச்சியில் பிடித்துக் காயவைத்தால் கறுத்து இறுகிவிடும். பச்சைப்பிள்ளை நெற்றியில் தாய்மார் வைக்கிறார்களே கறுப்புப் பொட்டு, அது இதுதான். சீதபேதிக்குக் கொடுப்பார்கள், ஈறு வீங்கினால் தேய்ப்பார்கள். அந்த வருஷங்களில் தூத்துக்குடியிலிருந்து கப்பலிலும் போனது. வெள்ளைக்காரனுக்கும் வயிறு போகும்தானே.

எனக்குப் பிசின் எடுத்துக் கொடுத்தது சமுத்திரமும் அவன் பெண்டாட்டி வெள்ளத்தாயும். தேவதானத்துக்கு மேற்கே, மலையேறுகிற இடத்தில் அவர்கள் குடிசை. குடிசைக்குப் பின்னால் ஒரு சரிவு முழுக்க வேங்கை, அறுபது மரம். மலையைக் குத்தகை எடுத்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். அந்தச் சரிவில் பால் எடுக்கிற பாத்தியதையை அவர் சமுத்திரத்துக்கு விட்டிருந்தார். அவர்களுக்கு வயல் கிடையாது, மாடு கிடையாது. அந்த அறுபது மரம்தான் சோறு.

மாதத்துக்கு ஒரு முறை வண்டி பூட்டிப் போவேன். விடியக் கிளம்பினால் சேத்தூரில் வெயில் ஏறும். தேவதானம் தாண்டியதும் காற்று மாறிவிடும். ஈரமான பட்டை வாடையும் எங்கோ ஆறு ஓடுகிற சத்தமும் வரும். வேங்கை பூக்கிற நாளில் வண்டிச் சக்கரம் மஞ்சளில் உருளும். நான் ஹஜ்ஜுக்குப் போகவில்லை, பெரிய ஊர்களையும் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பாதையில் எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று நினைத்தால் மனசு நிறைந்துவிடும்.

போய் இறங்கினால் வெள்ளத்தாய் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"சாப்டியளா அண்ணாச்சி?"

"சாப்பிட்டேன் தாயி."

"அது ராசபாளையத்துல. இங்க வந்து சாப்டியளான்னு கேட்டேன்."

கம்பங்களியும் சுண்டவத்தல் குழம்பும் இருக்கும். உப்பில் ஊறிய மலை நெல்லி தனியாக ஒரு சட்டியில் இருக்கும். பொந்துத் தேன் கிடைத்த நாளில் களி நடுவில் குழி பண்ணி அதை ஊற்றித் தருவாள். அந்தத் தேன் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டு அங்கேதான் முதலில் வருகிறது.

சரிவின் கிழக்கு ஓரத்தில் ஒரு வேங்கை பட்டுப்போய் நின்றது. இடுப்புக்கு மேலே பட்டை உரிந்து, வெள்ளையாக, துளை துளையாக இருக்கும். மேலே பொந்தில் கிளி, கீழே பொந்தில் தேனீ. என் கடைக்காரப் புத்தி சும்மா இருக்குமா.

"என்னவே, இத வெட்டி வெறகாக்கக் கூடாதா? சும்மா நிக்கு" என்று கேட்டேன்.

சமுத்திரம் சிரித்தான். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். பேச்சு குறைவு, சிரித்தால் மட்டும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"சும்மா நிக்கலை ராவுத்தரே. அது வண்டு எடுத்த மரம். எப்பமாவது ஒண்ண வண்டு எடுக்கத்தான் செய்யும். கெழட்டு மரம், இடி விழுந்த மரம், எது நோஞ்சானோ அத எடுக்கும். அது காட்டோட பங்கு. வண்டு தின்ன மரத்துல மரங்கொத்தி பொந்து போடுது. அது போன பொறவு கிளி வருது, தேனீ வருது. நீரு நக்கிக்கிட்டு இருக்கீரே, அந்தத் தேனு அங்கன உள்ளதுதான்."

"நல்ல மரத்த எடுக்காதா?"

"வந்து பாக்கும். நல்ல மரம் பால விட்டு வெளிய தள்ளீரும்."

அன்றைக்கு அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தேன் வாயில் இருந்தது.

அவர்கள் வேலையில் ஒரு முறை உண்டு. பால் எடுத்த மரத்துக்கு இடுப்பளவு உயரத்தில் கற்றாழை நார்க் கயிறு கட்டிவிடுவார்கள். கயிறு கட்டிய மரத்தில் அரிவாள் படக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து முடிந்தால் கயிற்றின் தொங்கலில் ஒரு முடிச்சு. அடுத்த மழை முடிந்தால் இரண்டாவது முடிச்சு. இரண்டு முடிச்சு விழுந்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்து அந்த மரத்தை மறுபடி கீறலாம். பெய்யாத மழைக்கு முடிச்சு கிடையாது. அங்கே வருஷத்தை எண்ணுவதில்லை, மழையைத்தான் எண்ணுவார்கள். குத்தகைக்காரர் போட்டிருந்த கட்டுப்பாடும் அதுவே: கயிறு கட்டிய மரத்தைத் தொட்டவன் சரிவை விட்டு இறங்க வேண்டும்.

கயிறு திரிப்பது வெள்ளத்தாய். ஒவ்வொரு மரத்துக்கும் அதன் சுற்றளவுக்குத்தான் திரிப்பாள். ஒரு மரத்தின் கயிறு இன்னொரு மரத்துக்குச் சேராது. கையில் எடுத்தால் இது எந்த மரத்தோடது என்று அவளுக்குத் தெரியும்.

மழை தொடர்ந்து இரண்டு வருஷம் பொய்த்தது. சாஸ்தா கோயில் ஆற்றில் பாறைதான் ஓடியது என்று சொல்ல வேண்டும். அந்தப் பட்ட மரம் ஒன்று போக மற்ற எல்லா மரத்திலும் கயிறு இருந்தது. ஒரு கயிற்றிலும் இரண்டாவது முடிச்சு விழவில்லை. அதாவது கீற மரம் இல்லை. தூத்துக்குடி வியாபாரியிடம் நான் தை மாதத்துக்குள் சரக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஐப்பசி முடிகிற சமயம் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனேன்.

வெள்ளத்தாய் இல்லை. தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு என்று சேத்தூருக்குப் போயிருந்தாள். சமுத்திரம் தனியாகக் கேப்பைக்கூழ் குடித்துக்கொண்டிருந்தான். கூழ் என்று பேர், தண்ணீர்தான் அதிகம்.

"தையில சரக்கு வேணும் சமுத்திரம்."

"எங்கன போயி எடுக்க ராவுத்தரே? முடிச்சு விழலையே."

"முடிச்சு விழலைன்னா என்னவே, வருசம் ரெண்டு ஆயிட்டுல்லா? மரம் சும்மாதான நின்னுது? ரெண்டு வருசம் ஓய்வு எடுத்தது ஓய்வுதான?"

"மழை பெய்யலையே."

"மழை பெய்யலைன்னு வயிறு சும்மா இருக்கா? வெள்ளத்தாய் திரும்பி வருகையில பானையில என்ன இருக்கும்?"

அவன் கூழை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தான். நான் கொண்டுபோன கருப்பட்டியையும் புகையிலையையும் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வண்டியில் திரும்பி வரும்போது கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாகத்தான் எனக்கு நினைப்பு.

தையில் போனேன். மூட்டை தயாராக இருந்தது. நல்ல சரக்கு, உடைத்தால் உள்ளே மாணிக்கம் மாதிரி. வெள்ளத்தாய் திரும்பி வந்திருந்தாள். அன்றைக்கு அவள் என்னைச் சாப்டியளா என்று கேட்கவில்லை. உரலுக்குப் பக்கத்தில் ஒரு குவியல் கயிறு கிடந்தது, எல்லாம் ஒற்றை முடிச்சோடு. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். எதுவும் கேட்காமல் மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டேன்.

சித்திரையில் வேங்கை துளிர்க்கும். அந்தச் சித்திரையில் போய்ச் சரிவைப் பார்த்தேன். பச்சைக்கு நடுவில் அங்கங்கே மொட்டை மரம் நின்றது. கிட்டே போனால் அடிமரத்தைச் சுற்றிலும் மாவு, சலித்துக் கொட்டினது போல. பட்டையில் ஊசிமுனைத் துளைகள். சமுத்திரம் ஒரு சில்லுப் பட்டையை நெம்பி எடுத்தான். உள்பக்கம் நடுவே ஒரு கோடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கோடுகள், பூரான் படுத்திருந்த தடம் மாதிரி. ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் வெள்ளையாக ஒரு புழு இருந்தது. வண்டு கடுகைவிடச் சின்னது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவுதானா என்று நின்றேன்.

"வண்டு கெடுத்துட்டு ராவுத்தரே. குடியக் கெடுத்துட்டு" என்றான் சமுத்திரம்.

"சவத்து வண்டு. ஒண்ணையும் விடக்கூடாதுவே" என்றேன் நானும்.

அதன் பிறகு ஒரு மாதம் நாங்கள் வண்டோடு நடத்திய சண்டையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. என் கடையில் பாதி மலையேறியது. கந்தகம் புகை போட்டோம், வசம்பை அரைத்துப் பூசினோம், பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றினோம். இஞ்சியும் சேர்த்தால் குழம்புக்கு ஆகும் என்று என் பெண்டாட்டி அசீனா சொன்னாள். சமுத்திரம் கருவமுள்ளால் துளை துளையாகக் குத்தி வண்டெடுத்தான். சாணியும் சுண்ணாம்பும் குழைத்து அடிமரத்திலிருந்து ஆள் உயரத்துக்குப் பூசினான். அவன் கீறிய காயத்தின் மேலும் அந்தப் பூச்சுதான் விழுந்தது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நாங்கள் வண்டைப் பற்றி மட்டும் பேசினோம்.

வெள்ளத்தாய் பூச வரவில்லை. குடிசை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

வைகாசியில் குத்தகைக்காரரின் மேஸ்திரி பால்சாமி மட்டக்குதிரையில் வந்து இறங்கினார். ஐம்பது வயது, கனத்த உடம்பு. கெட்டவர் இல்லை. ஆனால் முடிவெடுத்து வந்தவர் முகம் அது. நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். பட்ட மரங்களைக் கீழே நின்றே எண்ணிப் பார்த்தார்.

"ஏலே சமுத்திரம், மொதலாளி சொல்லீட்டாரு. ஆனி பொறக்கையில கோடாலிக்காரன் நாப்பது பேரு வருதான். சரிவு மொத்தத்தையும் எடுக்கப்போறோம்."

"மொத்தத்தையுமா?"

"இன்னைக்கி இருவது மரம். விட்டா அடுத்த சித்திரைக்கு அறுவது. நல்லா இருக்கையிலயே வெட்டுனாத்தான் மரம் வெலைக்கு ஆவும். வண்டு மலை ஏறிச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

"அப்பம் நாங்க?"

"நீ ஒண்ணு செய்யி, கோடாலி வேலைக்கு வா. அது முடிஞ்ச பொறவு பாப்போம்."

சமுத்திரம் தலையைக் குனிந்துகொண்டான். அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியும். வண்டு என்று போனால் சரிவு போகும், பேர் நிற்கும். நிஜத்தைச் சொன்னால் பேரும் போகும், சரிவும் போகும். பிறகு எதற்கு வாயைத் திறக்க?

வெள்ளத்தாய் குடிசைக்குள்ளிருந்து வந்தாள். இடுப்பில் ஒரு கட்டுக் கயிறு.

"மேஸ்திரி ஐயா, செத்த நேரம் மேல வாங்க. பாத்துட்டு வெட்டுங்க."

"என்னத்தப் பாக்கணும்?"

"வண்டு எந்த மரத்துக்குப் போயிருக்குன்னு பாக்கணும்."

"ஏட்டி, சும்மா கெட" என்றான் சமுத்திரம். சத்தம் எழும்பவே இல்லை. அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாங்கள் நான்கு பேரும் சரிவில் ஏறினோம். வெயில் சுள்ளென்று இருந்தது. பட்டுப்போன முதல் மரத்தின் அடியில் வெள்ளத்தாய் நின்றாள். கட்டிலிருந்து ஒரு கயிற்றை உருவி மரத்தைச் சுற்றிக் கட்டினாள். கச்சிதமாகச் சேர்ந்தது. ஒற்றை முடிச்சு கீழே தொங்கியது. அடுத்த பட்ட மரத்துக்குப் போனாள். இன்னொரு கயிறு, அதுவும் சேர்ந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று கட்டிக்கொண்டே போனாள். பால்சாமி வேர்வையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். பத்தொன்பதாவது மரத்தில் கட்டு தீர்ந்தது. பட்ட மரங்களும் அந்த இடத்தோடு தீர்ந்தன.

"எண்ணிக்கிட்டியளா ஐயா? முடிச்சு விழாம அவுத்த கயிறு பத்தொம்பது. வண்டு எடுத்த மரமும் பத்தொம்பது. கெழக்க நிக்குதது பழசு, அது கணக்குல இல்ல."

பால்சாமிக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. நகத்தால் சாணிப்பூச்சைச் சுரண்டினார். உள்ளே புதுக் கீறல் தெரிந்தது. கூரையில் ஓலை வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்றாகக் கீறல்கள். ஒரு துளியும் சிவப்பு இல்லை.

"இங்கயும் வாங்க" என்றாள் அவள். கயிறு அவிழ்க்காத ஒரு மரத்துக்குக் கூட்டிப்போனாள். துளிர்த்து நின்ற மரம். அதன் பட்டையிலும் துளைகள் இருந்தன. ஒவ்வொரு துளையின் வாயிலும் ஒரு சிவப்பு மணி காய்ந்திருந்தது. ஒன்றை நகத்தால் பெயர்த்துப் பால்சாமியின் கையில் வைத்தாள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மணிக்குள் செத்த வண்டு ஒன்று இருந்தது.

"இங்கயும் வரத்தான் செஞ்சிருக்கு. மரம் பால விட்டுத் தள்ளீட்டு. அந்தப் பத்தொம்பதுலயும் தள்ளுததுக்குப் பால் இல்ல. அத நாங்க எடுத்துட்டோம். வண்டு என்ன செய்யும்? காலங்காலமா அது எத எடுக்குமோ அதத்தான் எடுத்திருக்கு. நாங்க பத்தொம்பது மரத்த நோஞ்சானாக்கி அதுக்குக் குடுத்தோம். இந்த நாப்பதையும் நீங்க வெட்டிப் பட்டையோட போட்டா, அம்புட்டும் அதுக்குச் சோறு. பொறவுதான் மலை ஏறும்."

"நாங்க, நாங்கங்கியே. யாரு?" என்றார் பால்சாமி. சமுத்திரத்தின் பக்கம் திரும்பினார். "ஏலே, யாரு சொல்லி அவுத்த?"

சமுத்திரம் என்னை ஒரு தடவை பார்த்தான். கண் மூடித் திறக்கிற நேரம்தான்.

"யாரும் சொல்லலை ஐயா. என் ஆசைதான்."

நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. மேஸ்திரிக்குத் தெரிந்தால் குத்தகைக்காரருக்குத் தெரியும், குத்தகைக்காரருக்குத் தெரிந்தால் எந்த மலையிலும் எனக்குச் சரக்குக் கிடைக்காது. அவ்வளவையும் அந்த ஒரு நொடிக்குள் யோசித்துவிட்டேன். என் புத்தி அந்த வேகத்தில் வேறெதற்கும் ஓடியதில்லை.

பால்சாமி ஒரு பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். மென்று முடித்துத் துப்பிவிட்டுத்தான் பேசினார்.

"கோடாலிய நிறுத்தச் சொல்லி நான் பேசுதேன். பட்ட மரமும் நிக்கட்டும், வண்டிக் கூலிக்குக்கூட ஆவாது. நாப்பது மரத்துலயும் கயிறு இருக்கட்டும். அஞ்சு மழைக்கு இங்க அருவா ஏறக்கூடாது. சமுத்திரம், அது வரைக்கும் உனக்கு இங்க பாத்தியத கெடையாது. அஞ்சு முடிச்சு விழுந்தா வா. மொதலாளி வேற ஆளுக்குக் குடுக்காம நான் பாத்துக்கிடுதேன். என்னால ஆனது இதான்."

அவள் கேட்டதைவிட அது அதிகம். ஆனால் மரம் ஐந்து மழை காத்திருக்கும், வயிறு காத்திருக்குமா? கண்டியில் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் தூத்துக்குடிக்கு நடந்தார்கள். என் பிசின் போன வழியிலேயே அவர்களும் போனார்கள்.

போவதற்கு முதல் நாள் கடைக்கு வந்தார்கள். சமுத்திரம் அந்தப் பத்தொன்பது கயிற்றையும் பட்ட மரங்களிலிருந்து அவிழ்த்துக் கட்டாக என்னிடம் நீட்டினான். எரிக்கவும் மனசில்லை, தூக்கிப்போகவும் வழியில்லை என்றான்.

"ராவுத்தரே, ஒரு ஒத்தாச. கார்த்திகைக்குக் கார்த்திக மேல போயி நாப்பது கயித்துலயும் முடிச்சுப் போட ஆளு வேணும். மழ பெஞ்சா மட்டும்."

"நான் போறேன் சமுத்திரம்."

"பெய்யாத மழைக்குப் போட்டுறாதீரும்." முகம் முழுக்கச் சிரித்தான்.

நான் போனேன். வருஷா வருஷம் போனேன், நானே என் கையால் போட்டேன். அந்த ஐப்பசியே மழை கொட்டியது. மறு வருஷம் பட்ட மரங்களின் பட்டை பாளம் பாளமாக விழுந்தது. சரிவில் விடிந்ததிலிருந்து மரங்கொத்திகளின் சத்தம், பத்துத் தச்சர்கள் ஒரே பட்டறையில் உட்கார்ந்தது போல. புழுவைத் தேடிக் கரடி ஒரு மரத்தையே பிய்த்துப் போட்டிருந்தது. மூன்றாம் வருஷம் அந்தப் பத்தொன்பதில் வண்டு இல்லை, அதற்கு அங்கே தின்ன ஒன்றும் மிச்சமில்லை. நாற்பது மரத்தில் ஒன்றைக்கூட அது எடுக்கவில்லை. பொந்துகளில் கிளி வந்தது, தேனீ வந்தது. பட்ட மரங்களுக்கு மேலே வானம் திறந்திருந்தது. அந்த வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் வேங்கைக் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. காட்டை ஒருத்தன் நோட்டம் பார்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்து, நட வேண்டியதை நட்டது போல இருந்தது. அந்த ஒருத்தன் கடுகைவிடச் சின்னவன்.

நான்காம் வருஷம் மழை பொய்த்தது.

கார்த்திகையில் மேலே போய், முதல் கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டியிலிருந்து வந்த ஒருவன், சமுத்திரத்துக்கு நெஞ்சில் சளி, மலைக்குளிர் சேரவில்லை என்று சொல்லியிருந்தான். ஒரு முடிச்சு. யார் பார்க்கப்போகிறார்கள்? போட்டால் அடுத்த கார்த்திகைக்கு அஞ்சு ஆகிவிடும், அவர்கள் வந்துவிடலாம். வெகுநேரம் நின்றேன். வருஷம் போனது போனதுதானே என்று அவனிடம் பேசிய அதே வாய் எனக்குள் பேசியது. கயிற்றை விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

அதற்கடுத்த இரண்டு மழையும் பெய்தன. ஐந்தாவது முடிச்சைப் போட்டுவிட்டு, கப்பலேறுகிற ஒருவனிடம் சொல்லி அனுப்பினேன். பங்குனியில் வெள்ளத்தாய் கடை முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு தகரப்பெட்டி. தனியாக வந்திருந்தாள். கழுத்தில் தாலி இல்லை.

நான் எழுந்து நின்றேன்.

"போன மாசிக்கு மொத மாசி" என்றாள். "நெஞ்சுல சளி கட்டி, ஒம்பது நாளு."

கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு நேரம் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு முடிச்சைப் போட்டிருந்தால் அந்த மாசிக்கு அவர்கள் இங்கே இருந்திருப்பார்கள்.

மறுநாள் வண்டியில் போனோம். அவள் கேட்டபடி அந்தப் பத்தொன்பது கயிறும் வண்டியில் இருந்தன. சரிவில் ஏறியதும் முதல் மரத்தின் கயிற்றைக் கையில் ஏந்திப் பார்த்தாள். பழைய முடிச்சை விட்டுவிட்டுப் புது முடிச்சுகளை எண்ணினாள்.

"ஆறு வருசம் ஆச்சே. அஞ்சுதான் இருக்கு."

"ஒரு வருசம் மழ இல்ல தாயி."

அவள் தலையை ஆட்டினாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"தாயி, கயித்த அவுக்கச் சொன்னது நான். நீ சேத்தூருக்குப் போயிருந்த நேரம் வந்து பேசிப் பேசி அவுக்க வச்சேன். மேஸ்திரி கேட்டப்பமும் வாயத் தொறக்கல."

"தெரியும் அண்ணாச்சி."

"அவரு சொன்னாரா?"

"சொல்லலை. ராவுத்தர்தான சொன்னாருன்னு கப்பல்லயே கேட்டேன். 'அருவா என் கையிலதான இருந்துச்சு'ன்னாவ. அவ்வளவுதான். பொறவு சாகுத வரைக்கும் அவிய வாயில உங்க பேரு வந்ததெல்லாம், 'ராவுத்தரு இன்னேரம் முடிச்சுப் போட்டிருப்பாரு'ன்னுதான்."

நான் அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இருபத்தாறு வயதில் அழ வேண்டியதை முப்பத்திரண்டில் அழுதேன். அவள் தடுக்கவில்லை. அழுது முடிக்கிற வரைக்கும் கன்றுகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு கூப்பிட்டாள். பட்டுப்போன முதல் மரம் அதற்குள் சாய்ந்து மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கன்று, என் மணிக்கட்டுப் பருமன் இருக்கும். கட்டிலிருந்து ஒரு கயிற்றைச் சரியாக உருவினாள். சாய்ந்த மரத்தோட கயிறு. கன்றைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே போனது. ஒன்பது சுற்று வந்தும் தொங்கல் மிச்சம் இருந்தது. அதில் அந்தப் பழைய ஒற்றை முடிச்சு.

"போன கார்த்திகையில இங்க மழ உண்டுல்லா?"

"உண்டு தாயி. நல்ல மழ."

தொங்கலை என் பக்கம் நீட்டினாள்.

"அப்பம் போடுங்க."

போட்டேன். அவள் இழுத்துப் பார்த்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு நாற்பது மரத்தில் முதலாவதை நோக்கி நடந்தாள். பாதி வழியில் திரும்பாமலே கேட்டாள்:

"சாப்டியளா அண்ணாச்சி?"